ஒப்பந்தம் மார்கழியோடு முடிகிறது, சிதம்பரம் போகலாமா?

கேள்வி: ஐயா, நான் யாழ்ப்பாணத்தில் ஒரு தொண்டு நிறுவனத்தில் மூன்று வருடமாக வேலை செய்கிறேன். வருடா வருடம் புதுப்பிக்கிற ஒப்பந்தம். இந்த முறை அது டிசம்பர் 31இல் முடிகிறது. வெளிநாட்டுக் காசு நின்றால் எங்கள் திட்டமும் நின்றுவிடும் என்று கந்தோரில் கதை அடிபடுகிறது. அம்மாவுக்கோ மார்கழித் திருவாதிரைக்குச் சிதம்பரம் பார்க்க ஆசை. பலாலியிலிருந்து சென்னைக்கு அம்மா, நான், அவர், மகன் என்று நாலு ரிக்கற் போட வேண்டும். "பயணக் காப்புறுதி எடுங்கள், வேலை போனாலும் காசு திரும்பி வரும்" என்கிறார் ரவல்ஸ்காரர். உண்மையா?
– கொக்குவில் வாசகி

பதில்: பிள்ளை, நான் 28 வருடம் ஒரு காப்புறுதிக் கிளையில் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவன். அதனால் முதலில் ஒன்று கேட்கிறேன். ரவல்ஸ்காரர் பத்திரத்தைக் காட்டிச் சொன்னாரா, சும்மா வாயால் சொன்னாரா? பத்திரத்தை வாங்கி, 'பயணம் ரத்து' என்ற பகுதியை விரித்துப் பாருங்கள். மலிவான பத்திரங்களில் பெரும்பாலும் ஆஸ்பத்திரிச் செலவு, தொலைந்த பெட்டி, தொலைந்த பாஸ்போர்ட் இவைதான் இருக்கும். ரத்துக்குக் காசு தருவது இருந்தாலும் வருத்தம், மரணம் என்று நாலைந்து காரணத்தோடு முடிந்துவிடும்.

ஆட்குறைப்புக்கும் காசு தருகிற பத்திரங்கள் இல்லாமல் இல்லை. இங்கிலாந்தில் விற்பவற்றில் அது சாதாரணம். ஆனால் அதிலும் நிபந்தனை உண்டு: நிரந்தர வேலையாக இருக்க வேண்டும், குறிப்பிட்ட காலம் தொடர்ந்து வேலை செய்திருக்க வேண்டும், வேலை போகப்போவது பத்திரம் எடுத்த பிறகுதான் தெரிய வந்திருக்க வேண்டும். உங்கள் ஒப்பந்தம் 31ஆம் திகதி முடிந்தால் அது ஆட்குறைப்பே அல்ல. திகதி வந்தது, முடிந்தது, அவ்வளவுதான். அதை நம்பிக் காப்புறுதிக்குக் காசு கட்ட வேண்டாம்.

என் மருமகன் ஒருவன் லண்டனில் ஒரு களஞ்சியத்தில் வேலை செய்தான். நல்லூர்த் தேருக்கு வரக் குடும்பத்தோடு ரிக்கற் போட்டிருந்தான். ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் முதலாளி பத்து நிமிடம் கூட்டம் வைத்து, ஆட்களைக் குறைக்கப் போகிறோம் என்றார். வியாழக்கிழமை இவன் ஓடிப்போய்க் காப்புறுதி எடுத்தான். மூன்று கிழமையில் வேலையால் நிறுத்திய கடிதம் வந்தது. காசு கேட்டபோது, காப்புறுதிக்காரர் முதலாளியிடம் கேட்டது ஒரே விஷயம்: முதன்முதலில் எப்போது அறிவித்தீர்கள்? மறுப்புக் கடிதத்தின் படத்தை எனக்கு அனுப்பினான். செவ்வாய், வியாழன் இரண்டு திகதிகளும் பக்கத்தில் பக்கத்தில் அச்சாகியிருந்தன. "மாமா, கூட்டத்தில் என்ர பெயரைச் சொல்லேல்லையே" என்றான். அவர்கள் செய்தது சரிதான் என்று சொன்னேன். இரண்டு கிழமை என்னோடு கதைக்கவில்லை.

நீங்கள் அந்தச் செவ்வாய்க்கிழமையைத் தாண்டி வந்துவிட்டீர்கள். ஆகவே காசு எங்கே சிக்கும் என்று பார்த்து நடக்க வேண்டியதுதான். சிதம்பரத்தில் வருடத்துக்கு இரண்டு தேர். மார்கழித் திருவாதிரையை விட்டால் ஆனித் திருமஞ்சனம் இருக்கிறது. அதற்குள் ஒப்பந்தம் புதுப்பித்தார்களா இல்லையா என்று தெரிந்துவிடும். நான் என்றால் அம்மாவிடம் ஆனியைத்தான் சொல்வேன்.

அம்மா மார்கழிதான் என்று நின்றால் (அம்மாமார் நிற்பார்கள்), ஆகக் குறைந்த விலை ரிக்கற்றை எடுக்காமல், திகதி மாற்றக்கூடியதை எடுங்கள். மாற்றுவதற்கு எவ்வளவு அறவிடுவார்கள் என்பதை எழுத்தில் கேளுங்கள். போகாமல் விட்ட ரிக்கற்றிலும் விமான நிலைய வரி பெரும்பாலும் திரும்பி வரும், ஆனால் நாங்கள் கேட்க வேண்டும். தங்குமிடத்துக்கு அங்கே போய்க் காசு கொடுக்கிற மாதிரிப் பாருங்கள். விசாக் கட்டணம் என்ன நடந்தாலும் திரும்பாது, அதனால் அதைப் பயணம் நிச்சயமான பிறகு கட்டலாம். காங்கேசன்துறைக் கப்பல் நாகப்பட்டினத்துக்குப் போகிறது, அங்கிருந்து சிதம்பரம் கிட்டத்தான். ஆனால் மாரியில் கடல் குழம்பினால் கப்பலை நிறுத்திவிடுவார்கள்.

வேலைக்காக வேண்டாம் என்றேனே தவிர, காப்புறுதியே வேண்டாம் என்று சொல்லவில்லை. அம்மாவுக்குக் கட்டாயம் எடுங்கள். சலரோகம், பிறசர் இருந்தால் அதை மறைக்காமல் எழுதுங்கள். ஏற்கெனவே உள்ள வருத்தத்தைச் சேர்க்கிறார்களா என்று கேளுங்கள், பலர் சேர்ப்பதில்லை. கிளினிக் கொப்பியைப் பெட்டிக்குள் போடாமல் கைப்பையில் வையுங்கள்.

சரி, வேலை போனால் கைக்கு என்ன வரும்? ஊழியர் சேமலாப நிதியை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம், பெண்களுக்குப் பொதுவாக 50 வயதில்தான் அது கிடைக்கும். பணிக்கொடைக்கு 5 வருட சேவை வேண்டும், உங்களுக்கு 3. ஊழியர் நம்பிக்கை நிதியை மட்டும் வேலையை விட்டதும் எடுக்கலாம், அதையும் 5 வருடத்துக்கு ஒருமுறைதான். நாலு ரிக்கற்றின் விலையை இதற்குப் பக்கத்தில் எழுதிப் பாருங்கள்.

கேள்வி: பிரான்சில் அக்காவின் மகளுக்குச் சாமத்தியச் சடங்கு. விசாவுக்காக 30,000 யூரோ காப்புறுதி எடுத்திருக்கிறேன். வியாபாரம் படுத்துக் கடையைப் பூட்ட வேண்டி வந்தால் ரிக்கற் காசு கிடைக்குமா?
– சாவகச்சேரி வாசகர்

பதில்: கிடைக்காது தம்பி. அந்த 30,000 யூரோ, அங்கே போன இடத்தில் நோய் நொடி வந்தால் ஆஸ்பத்திரிக்கும், திருப்பி ஊருக்குக் கொண்டுவருவதற்கும். சொந்தக் கடையைப் பூட்டுவதை எந்தக் காப்புறுதிக்காரரும் ஆட்குறைப்பு என்று எடுக்க மாட்டார். விசா மறுக்கப்பட்டால் மட்டும், மறுப்புக் கடிதத்தைக் காட்டினால் கட்டிய காப்புறுதிப் பணத்தைச் சிலர் திருப்பித் தருவார்கள். பத்திரம் தொடங்கும் திகதிக்கு முன்னமே கொண்டுபோய்க் கொடுங்கள்.