ஒர்க்‌ஷாப் அப்ரன்டிஸை பாதியில் விடலாமா?

தம்பி, ஐடிஐ ஃபிட்டர் முடித்து ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் சேர்ந்து மூன்று மாதமாகியும் கூட்டிப் பெருக்குவதும் ஸ்பேனர் எடுத்துக் கொடுப்பதும்தான் வேலை, தனியார் கம்பெனிக்குப் போய்விடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். போகாதீர்கள். எனக்கும் முதல் சில மாதங்கள் அப்படித்தான் போயின, மனசு ரொம்ப வெறுத்துவிட்டது.

என்னை மாற்றியது பிரேக் செக்‌ஷன். ஒரு மூத்த ஃபிட்டர் அண்ணன் பக்கத்தில் போய் நின்று, "இது ஏன் இப்படி?" என்று கேட்க ஆரம்பித்தேன். வண்டி முழுக்க ஓடும் காற்றுக் குழாயான பிரேக் பைப்பில் சதுர செ.மீ.க்கு 5 கிலோ அழுத்தம் இருந்தால் பிரேக் விட்டிருக்கும், குறைந்தால் பிடிக்கும். அதனால்தான் நடுவில் பெட்டி கழன்றாலும் பைப் பிரிந்து காற்று வெளியேறி வண்டி தானாக நிற்கிறது என்று கையைப் பிடித்துக் காட்டினார். அன்றைக்குத்தான் இந்த வேலையின் கனம் புரிந்தது. நாம் சரியாக முடுக்காத ஒரு போல்ட்டின் மேல் ஆயிரம் பேர் தூங்கிக்கொண்டு போகிறார்கள். நீங்களும் ஒருவரைப் பிடித்துக்கொள்ளுங்கள். போகி (பெட்டிக்கு அடியில் சக்கரங்களைத் தாங்கும் சட்டகம்), சக்கர லேத் (சக்கரத்தைக் கடைந்து சரிசெய்யும் இயந்திரம்) பக்கமும் போய்ப் பாருங்கள்.

தினமும் செய்ததை நோட்டில் எழுதுங்கள். செக்‌ஷன் மாற்றவே இல்லையென்றால் பயிற்சி மையத்தில் எழுத்தில் கேளுங்கள், வாய்ப்பேச்சு நிற்காது.

அப்புறம், 1961 அப்ரன்டிஸ் சட்டப்படி நிரந்தர வேலை உறுதி கிடையாது. ஆனால் பயிற்சியை முடித்துத் தேசிய அப்ரன்டிஸ் சான்றிதழ் வாங்கியவர்களுக்கு ரயில்வேயின் அடிப்படை நிலையான லெவல்-1 பணிகளில் 20 சதவீதம் ஒதுக்கீடு உண்டு. பாதியில் விட்டால் அது போய்விடும். எந்த செக்‌ஷனில் இருக்கிறீர்கள் என்று சொல்லுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்.