இலவச விருந்துக்குப் போய் ரிசார்ட் மெம்பர் ஆகிவிட்டோம், பணம் திரும்புமா?

கேள்வி: வக்கீல் ஐயா, எங்களுக்குக் கம்பம். பொருட்காட்சியில் ஒரு கூப்பன் எழுதிப் போட்டோம். பரிசு விழுந்திருக்கிறது, கணவரோடு வாருங்கள் என்று குமுளியில் ஒரு ஹோட்டலுக்கு அழைத்தார்கள். சாப்பாடு போட்டு மூன்று மணி நேரம் பேசி, 10 வருடம், வருடத்துக்கு 6 இரவு என்று 3,00,000 ரூபாய்க்குக் கையெழுத்து வாங்கிவிட்டார்கள். 60,000 கார்டில் போனது, மீதிக்கு இஎம்ஐ. ஆறாம் நாளே வேண்டாம் என்று வாட்ஸ்அப்பில் சொன்னேன். பணம் தர முடியாது, கேஸ் போட்டால் பெங்களூரில்தான் போட வேண்டும் என்கிறார்கள். அதே ரிசார்ட்டின் ரூம், புக்கிங் ஆப்பில் ஜூலை மாதம் இரவுக்கு 3,800 காட்டுகிறது. எதுதான் மலிவு?

பதில்: அம்மா, உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். வழக்குக்கும் அந்தக் கணக்கு உதவும்.

3,00,000 ரூபாயை 60 இரவுக்குப் பிரித்தால் இரவுக்கு 5,000. நீங்கள் அனுப்பிய நகலில் வருடப் பராமரிப்பு 12,000 என்று இருக்கிறது. அதில் இரவுக்கு 2,000. ஆக இரவுக்கு 7,000. ஆப்பில் 3,800 என்பதால் அதுதான் மலிவு. இஎம்ஐ வட்டியும் சாப்பாடும் தனி. ஒரு வருடம் போக முடியாவிட்டால் கணக்கு இன்னும் ஏறும். "உங்களுக்குப் பாதி விலை" என்று அன்றைக்குச் சொன்னது எழுத்தில் எங்கும் இல்லை. அந்த வார்த்தை வாட்ஸ்அப்பிலோ நோட்டீஸிலோ இருந்தால் தேடி எடுத்து வையுங்கள். மெம்பர்களிடமிருந்து எனக்கு வரும் புகார்களில் பாதி, "மே மாதமும் கிறிஸ்துமஸுக்கும் ரூம் இல்லை என்கிறார்கள்" என்பதுதான்.

ஆப்பில் மலிவாகக் காட்டுவது பெரும்பாலும் ரத்து செய்தால் பணம் திரும்பாத விலை. அதை முன்கூட்டியே தெளிவாகக் காட்டியிருந்தால் பிறகு சண்டை போடுவது கஷ்டம். ஆனால் கடைசித் திரையில் திடீரென்று கட்டணம் சேர்ப்பது, பொய்யாக "ஒரே ரூம்தான் பாக்கி" என்று அவசரப்படுத்துவது ஆகியவை 2023 நவம்பரில் வந்த மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணைய வழிகாட்டுதல்களின்படி தவறு.

என்னைக் கேட்டால், ஆப்பில் விலையைப் பார்த்துவிட்டு ரிசார்ட்டுக்கே போன் போடுங்கள். ஹோட்டல்கள் தங்கள் இடத்தில் குறைத்து விற்கக் கூடாது என்று கட்டுப்படுத்தியதற்காக ஒரு பெரிய பயணத் தளக் குழுமத்துக்கு இந்தியப் போட்டி ஆணையம் 2022 அக்டோபரில் 223 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் போட்டது. எனவே தைரியமாகக் குறைத்துக் கேட்கலாம். அப்புறம் வரி. இரவுக்கு 7,500 ரூபாய் வரை ஜிஎஸ்டி 5 சதவீதம், அதற்கு மேல் 18. 7,500 ரூபாய் ரூமுக்கு வரி 375. 8,000 ரூபாய் ரூமுக்கு 1,440. ஐந்நூறு ரூபாய் வித்தியாசத்துக்கு ஆயிரத்துக்கு மேல் வரி கூடுகிறது!

சரி, உங்கள் பணம். இந்த மாதிரி மெம்பர்ஷிப்புக்கென்று நம் நாட்டில் தனிச் சட்டம் இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 14 நாளுக்குள் காரணம் சொல்லாமல் விலகலாம். இங்கே ஒப்பந்தம் என்ன சொல்கிறதோ அதுதான். நல்லவேளை, உங்கள் ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில், பொடி எழுத்தில், 10 நாளுக்குள் எழுத்து மூலம் விலகலாம் என்று இருக்கிறது. நீங்கள் ஆறாம் நாள் சொல்லிவிட்டீர்கள். வாட்ஸ்அப் எழுத்தாகாது என்று அவர்கள் வாதிடுவார்கள். மின்னணு வடிவமும் எழுத்துதான் என்பதற்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000-இன் 4-ஆம் பிரிவைக் காட்டுவோம். அந்த உரையாடலை அழித்துவிடாதீர்கள், போனையும் மாற்றாதீர்கள்.

முதலில் அவர்களின் பதிவு அலுவலகத்துக்கு ஸ்பீடு போஸ்டிலும் மின்னஞ்சலிலும் நோட்டீஸ் அனுப்புங்கள். விலகிய தேதி, கட்டிய தொகை, 15 நாள் கெடு, இவ்வளவு போதும். 1915 நுகர்வோர் உதவி எண்ணிலும் பதிவு செய்யுங்கள். சில நிறுவனங்கள் அங்கேயே இறங்கி வந்துவிடும்.

வராவிட்டால் தேனி மாவட்ட நுகர்வோர் ஆணையம். பெங்களூர் மிரட்டலுக்குப் பயப்பட வேண்டாம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன் 34-ஆம் பிரிவின்படி நீங்கள் குடியிருக்கும் ஊரின் ஆணையத்திலேயே புகார் தரலாம். தகராறு வந்தால் நடுவர் தீர்ப்புக்குத்தான் (ஆர்பிட்ரேஷன்) போக வேண்டும் என்ற ஒப்பந்த ஷரத்தும் ஆணையத்தின் கதவை அடைக்காது என்று 2018 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கட்டிய தொகை 5 லட்சம் வரை இருந்தால் புகார்க் கட்டணம் இல்லை. புகார் தரக் கெடு இரண்டு வருடம். அதற்காகத் தள்ளிப் போடாதீர்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் கோபப்பட்டு அவசரப்படாதீர்கள். இஎம்ஐயை நீங்களாக நிறுத்தினால், அது வங்கிக் கடனாக இருக்கும் பட்சத்தில் உங்கள் சிபில், அதாவது கடன் மதிப்பெண், அடிபடும். வங்கிக்கு விஷயத்தை எழுதிவிட்டு, புகாரோடு சேர்த்து அதே நுகர்வோர் சட்டத்தின் 38(8) பிரிவில் இஎம்ஐயை நிறுத்தி வைக்க இடைக்கால உத்தரவு கேட்போம்.

இன்னொன்று. "உங்கள் மெம்பர்ஷிப்பை விற்றுத் தருகிறோம், முதலில் ஜிஎஸ்டிக்கு 15,000 அனுப்புங்கள்" என்று சீக்கிரமே ஒரு போன் வரக்கூடும். ஒரு பைசா அனுப்ப வேண்டாம். அனுப்பிவிட்டீர்கள் என்றால் உடனே சைபர் மோசடி உதவி எண் 1930-க்குப் பேசுங்கள்.