சிங்கப்பூர் விலையும் நம்மூர் விலையும்: கேமரா வாங்குவோரின் கேள்விகளுக்குப் பதில்கள்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைச் சுற்றித்தான்: "அங்கே இவ்வளவு, இங்கே ஏன் இவ்வளவு?" கும்பகோணத்தில் இருபத்தைந்து வருடமாக ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். இதே கேள்வியை நானும் பலரிடம் கேட்டவன்தான். தெரிந்ததைச் சொல்கிறேன்.

சார், கேமராவுக்குச் சுங்க வரியே கிடையாது என்று ஒருவர் சொல்கிறார். முப்பது சதவீதம் என்கிறார் இன்னொருவர். எதை நம்புவது?
– கல்யாண போட்டோகிராபர், மன்னார்குடி

இரண்டு பேரும் சரியாகவே சொல்லியிருக்கலாம். ஒருவர் பாடியை, அதாவது லென்ஸ் இல்லாத கேமராவை மட்டும், சொல்கிறார், மற்றவர் லென்ஸை. உங்கள் பைக்குள் இரண்டும் ஒன்றாகத்தான் கிடக்கும், ஆனால் சுங்கத்துக்கு அவை வேறு வேறு சரக்கு.

1996இல் உலக வர்த்தக அமைப்பில் தகவல் தொழில்நுட்பப் பொருள்களுக்கென ஓர் ஒப்பந்தம் உருவானது. மறு வருடம் இந்தியாவும் அதில் சேர்ந்தது. அதில் பட்டியலிட்ட பொருள்களுக்கு அடிப்படைச் சுங்க வரி பூஜ்யம். டிஜிட்டல் ஸ்டில் கேமரா அந்தப் பட்டியலில் இருக்கிறது, வீடியோ கேமரா இல்லை. சிக்கல் அங்கேதான். ஸ்டில் கேமராவே வீடியோ எடுக்கத் தொடங்கியதும் எது எந்தப் பக்கம் என்ற கேள்வி வந்தது. 2012இல் நம் அரசு ஒரு கோடு போட்டது: 800க்கு 600 பிக்சல் அல்லது அதற்கு மேல், நொடிக்கு 23 பிரேமாவது, ஒரே மூச்சில் 30 நிமிடமாவது எடுக்க முடிந்தால் அதற்கு அந்த விலக்கு கிடையாது. ஐரோப்பாவிலும் இதேபோல அரை மணிக் கணக்கு இருந்தது. பழைய டிஎஸ்எல்ஆர் பல 29 நிமிடம் 59 நொடியில் நின்றுபோனதற்கு அதுதான் காரணம். நாதஸ்வரம் கெட்டிமேளத்துக்கு ஏறும் நேரத்தில் சிவப்புப் புள்ளி அணைந்துபோய், பதறி மறுபடி பட்டனை அமுக்கியவர்கள் நம்மில் எத்தனை பேர்! சூடுதான் காரணம் என்று அப்போது நினைத்தோம். பல மாடல்களில் அது வரிக்காக வைத்த பூட்டு.

லென்ஸுக்கு அந்தச் சலுகை இல்லை. கணக்கு இப்படிப் போகும். சரக்குக் கட்டணம், காப்பீடு எல்லாம் சேர்த்து இங்கே வந்து இறங்கும் மதிப்பு 1,00,000 ரூபாய், அடிப்படை வரி 10 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வரி 10,000. அந்த வரியின் மேல் 10 சதவீதம் சமூக நலக் கூடுதல் வரி, 1,000. ஆக 1,11,000. இந்த மொத்தத்தின் மேல்தான் 18 சதவீத ஜிஎஸ்டி, 19,980. கூட்டினால் 1,30,980. முப்பது சதவீதம் என்ற நண்பர் இந்தக் கணக்கைத்தான் சொல்லியிருப்பார். அடிப்படை வரி பூஜ்யமான பாடி என்றால் 1,18,000இல் முடிந்துவிடும். 2018 டிசம்பர் வரை டிஜிட்டல் கேமராவுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதமாக இருந்தது, 2019 ஜனவரி முதல் 18.

இதற்கு மேல் இறக்குமதியாளர் லாபம், டீலர் லாபம், வாரண்டிச் செலவு எல்லாம் ஏறும். அதனால் கடை விலைக்கும் சிங்கப்பூர் விலைக்கும் உள்ள வித்தியாசம் முழுவதையும் சுங்கத்தின் தலையில் கட்டிவிடாதீர்கள்.

அண்ணன் சிங்கப்பூரிலிருந்து திருச்சி வருகிறான். பாடியும் லென்ஸும் வாங்கி வரச் சொல்லலாமா? பெட்டியைத் தூக்கிப் போட்டுவிட்டுக் கழுத்தில் மாட்டி வந்தால் கேட்க மாட்டார்கள் என்கிறார்களே?
– கூத்தாநல்லூர்

வாங்கி வரச் சொல்லலாம். பெட்டியை மட்டும் தூக்கிப் போட வேண்டாம். பெட்டி இல்லாவிட்டாலும் புதுப் பொருள் புதுப் பொருள்தான். மறைத்து மாட்டினால் பொருளும் போகும், அபராதமும் சேரும்.

சிங்கப்பூரில் கேமராவுக்கு இறக்குமதி வரி கிடையாது. 2024 முதல் 9 சதவீத ஜிஎஸ்டி மட்டும் உண்டு. அண்ணன் சுற்றுலாப் பயணியாகப் போயிருந்தால் சாங்கி விமான நிலையத்தில் அதைத் திரும்ப வாங்கலாம். அங்கேயே வேலை பார்ப்பவருக்கு அந்தச் சலுகை இல்லை. நம் பக்கத்து ஆட்கள் பலர் இதைக் கணக்கில் எடுக்காமல்தான் "அங்கே மலிவு" என்று கிளம்புகிறார்கள்.

இங்கே இறங்கியதும் பயணிக்கான இலவச வரம்பு ஒன்று உண்டு. 2016ஆம் ஆண்டு பேக்கேஜ் விதிகளில் அது 50,000 ரூபாயாக இருந்தது, 2026 பிப்ரவரியில் வந்த புது விதிகளில் 75,000 ஆனது. அதற்கு மேற்பட்ட மதிப்புக்கு 35 சதவீத வரியும், அதன் மேல் கூடுதல் வரியும் சேர்த்து 38.5. பொருள் 1,40,000 என்றால் 75,000 போக மீதி 65,000, அதற்கு 25,025 ரூபாய். பட்ஜெட்டுகளில் இந்த வரம்பு மாறக்கூடியது. டிக்கெட் போடும்போதே சுங்கத் துறையின் இணையதளத்தில் அன்றைய வரம்பைப் பாருங்கள். அப்புறம், அண்ணனும் அண்ணியும் சேர்ந்து வந்தாலும் இரண்டு பேர் வரம்பையும் ஒரே கேமராவுக்குக் கூட்டிக்கொள்ள முடியாது.

வரி கட்ட வேண்டியவர்களுக்கான சிவப்பு வழியில் போய், பில்லைக் காட்டி, கட்டிவிட்டு ரசீதை வாங்கிவரச் சொல்லுங்கள். அந்த ரசீதைக் கேமராப் பையிலேயே வைத்திருங்கள். நாளைக்கு அந்தக் கேமராவோடு நீங்களே வெளிநாடு போய்த் திரும்பினால் உதவும்.

டவுனில் ஒரு கடையில் பில் இல்லாமல் 1,58,000 சொல்கிறார்கள். பில்லோடு 1,77,000. பத்தொன்பதாயிரம் சும்மா வருகிறதா?
– ஸ்டூடியோ உரிமையாளர், கும்பகோணம்

எனக்கு இதுதான் முக்கியமான கேள்வி. நிதானமாகப் படியுங்கள்.

நீங்கள் ஜிஎஸ்டி பதிவு வைத்து, வாடிக்கையாளரிடம் 18 சதவீதம் வாங்கிக் கட்டுபவரா? அப்படியானால் 1,77,000இல் 27,000 ரூபாய் வரி. அதை உள்ளீட்டு வரிக் கழிவாக, அதாவது நீங்கள் அரசுக்குக் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்து, எடுத்துக்கொள்ளலாம். கேமராவின் அசல் விலை உங்களுக்கு 1,50,000தான். பில் இல்லாத கேமரா 1,58,000. மலிவு என்று நினைத்து வாங்குவது எட்டாயிரம் அதிகம்!

பில்லில் உங்கள் ஜிஎஸ்டி எண் இருக்க வேண்டும். கடைக்காரர் அதைத் தன் கணக்கில் ஏற்றினாரா, ஜிஎஸ்டி தளத்தில் உங்கள் கழிவுகளைக் காட்டும் 2பி பட்டியலில் அது வந்ததா என்று மறக்காமல் பாருங்கள். வருமான வரியில் தேய்மானம் காட்டவும் பில் வேண்டும். கழிவாக எடுத்த 27,000க்குத் தேய்மானம் கிடையாது, மீதி 1,50,000க்கு உண்டு. இன்சூரன்ஸ் எடுக்கவும் பில் வேண்டும். பாடி விமானத்தில் அண்ணன் கொண்டுவந்ததாக இருந்தால் இந்தக் கழிவு எதுவும் வராது, ஏனென்றால் பயணிப் பெட்டியில் கட்டுவது சுங்க வரி, ஜிஎஸ்டி இல்லை.

பதிவே இல்லாதவர், அல்லது சிறு தொழில்களுக்கான காம்போசிஷன் திட்டத்தில் 6 சதவீதம் கட்டுபவர் என்றால் இந்த 27,000 உங்களுக்குத் திரும்பாது. அப்போதும் நான் பில்லைத்தான் சொல்வேன். காரணம் சொல்கிறேன்.

2009இல் குருவி மூலமாக, அதாவது வெளிநாட்டுச் சரக்கை விமானத்தில் கொண்டுவந்து விற்பவர் மூலமாக, ஒரு 70-200 லென்ஸ் வாங்கினேன். பதினொன்றாயிரம் மிச்சம் என்று வீட்டில் பெருமையாகச் சொன்னேன். மூன்றாவது தை மாதம், திருவிடைமருதூரில் ஒரு கல்யாணம். மாப்பிள்ளை அழைப்பு நடக்கும்போது உள்ளே இருந்து ஒரு கீச்சுச் சத்தம், மோட்டார் நின்றுவிட்டது. அன்று முழுக்கக் கையால் போகஸ் திருப்பித் திருப்பி எடுத்தேன், பாதி படம் கலங்கல். அந்தப் பெண்ணின் அப்பாவுக்கு ஆல்பம் கொடுக்கும்போது முகத்தைப் பார்க்க முடியவில்லை. சென்னைக்குக் கொண்டுபோனால், இந்தியாவில் விற்ற சரக்கு இல்லை என்று பணம் கொடுத்தாலும் தொட மறுத்துவிட்டார்கள். எல்லா நிறுவனமும் அப்படியில்லை. ஆனால் முகூர்த்த நாளில் எது எப்படி என்று கேட்டுக்கொண்டிருக்க நமக்கு நேரமில்லை.

அமெரிக்காவில் வரி போட்டதால் இங்கேயும் கேமரா விலை ஏறுமா?
– திருத்துறைப்பூண்டி

அமெரிக்கா போடும் வரி அமெரிக்காவில் இறங்கும் சரக்குக்கு. 2025 ஏப்ரலில் அறிவித்தபோது ஜப்பானுக்கு 24 சதவீதம் சொன்னார்கள், பேச்சுவார்த்தைக்குப் பிறகு 15 ஆனது. நிக்கான் கேமராக்கள் பெரும்பாலும் தாய்லாந்தில் தயாராகின்றன, அந்த நாட்டுக்கும் தனியாக ஒரு விகிதம் சொன்னார்கள். வரியைக் காரணம் காட்டி அந்த நிறுவனம் 2025 ஜூன் 23 முதல் அமெரிக்காவில் விலை ஏற்றியது. நமக்கு நேரடி விளைவு ஒன்றுதான்: நியூஜெர்சி மருமகனிடம் சொல்லி வாங்குவதில் முன்பிருந்த லாபம் கரைந்துவிட்டது.

நம் விலையை உண்மையில் அசைப்பது ரூபாய் மதிப்பு. 2022 தொடக்கத்தில் டாலர் 75 ரூபாய் அளவில் இருந்தது, 2025 டிசம்பரில் 90ஐத் தாண்டியது. ஆயிரம் டாலருக்கு வந்து இறங்கும் பாடி அன்று 75,000, ஜிஎஸ்டியோடு 88,500. டாலர் 90 ஆனபோது 90,000, ஜிஎஸ்டியோடு 1,06,200. வரி விகிதம் ஒரு பைசா மாறவில்லை, விலை 17,700 ஏறிவிட்டது. பட்ஜெட் நாளில் டிவி முன்னால் உட்கார்ந்து கேமராவுக்கு என்ன சொன்னார்கள் என்று தேடுபவர்கள் டாலர் விலையையும் கொஞ்சம் பார்க்கலாம்.

மெமரி கார்டு விலை திடீரென்று ஏறியதும் சுங்கத்தாலா?
– பட்டுக்கோட்டை

இல்லை. செயற்கை நுண்ணறிவு டேட்டா சென்டர்கள் மெமரி சிப்பை அள்ளிக்கொண்டு போவதால் 2025 இறுதியிலிருந்து சிப் விலையே ஏறியது. தேவையானதை இப்போதே வாங்குங்கள். பெயர் தெரியாத மலிவு கார்டில் மட்டும் கல்யாணம் எடுக்காதீர்கள்.

வெளிநாட்டுச் சரக்குக்கு வரியைக் கூட்டினால் நம் நாட்டிலேயே கேமரா தயாரிப்பார்களே ஐயா, அது நல்லதுதானே?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், தஞ்சாவூர்

ஐயா, அந்தக் காலத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஆக்ஃபா கிளிக் பரோடாவில் தயாரானது. ஊட்டியில் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் 1967 முதல் 'இந்து' பிலிம் தயாரித்தது. என் குருநாதர் அதில்தான் எனக்கு டெவலப் பண்ணச் சொல்லிக்கொடுத்தார், அந்த டப்பாவின் வாசனை இன்றும் நினைவிருக்கிறது. அதன் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் 1991 வரை சில பொருள்களுக்கு 300 சதவீதத்தைத் தாண்டிய வரி இருந்தும், ஒரு நல்ல எஸ்எல்ஆர் இங்கே பிறக்கவில்லை. பிறந்தது பர்மா பஜாரும் குருவிகளும்தான். வண்ணப் படமும் பிறகு டிஜிட்டலும் வந்தபோது ஊட்டி ஆலையாலும் தாக்குப்பிடிக்க முடியவில்லை. கண்ணாடி உருக்கும் தொழில்நுட்பமும் சென்சாரும் வரியால் மட்டும் வந்துவிடாது. இடையில் விலை கொடுப்பது தொழில் தொடங்கும் இளைஞன்.

துபாயிலிருந்து டிரோன் கொண்டுவரலாமா?
– மயிலாடுதுறை

கூடாது. 2022 பிப்ரவரி 9 முதல் வெளிநாட்டு டிரோன் இறக்குமதிக்கே தடை. ஆராய்ச்சி, பாதுகாப்பு போன்ற சில தேவைகளுக்கு மட்டும்தான் விலக்கு. வரி கட்டுகிறேன் என்றாலும் விடமாட்டார்கள்.

பினாங்கில் ஒரு கல்யாணத்துக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். என் சொந்தக் கேமராவைத் திரும்பக் கொண்டுவரும்போது வரி கேட்பார்களா?
– நாகப்பட்டினம்

கேட்க இடம் கொடுக்காதீர்கள். கிளம்பும் நாளில் திருச்சியில் ஒரு மணி நேரம் முன்னதாகப் போய், சுங்க அதிகாரியிடம் ஏற்றுமதிச் சான்றிதழ் கேளுங்கள். பாடி, லென்ஸ், பிளாஷ் எல்லாவற்றின் சீரியல் நம்பரையும் ஒரு தாளில் எழுதி, பில் நகலோடு கொடுங்கள். பொருளைப் பார்த்து முத்திரை போட்டுத் தருவார்கள். கேமராவைச் செக்-இன் பெட்டிக்குள் போட்டுவிட்டுப் போய்க் கேட்டால் காரியம் நடக்காது.

கோடியக்கரையில் பறவை எடுக்க ஆசை. பழைய 150-600 லென்ஸ் ஒன்று ஜப்பானிலிருந்து இணையத்தில் மலிவாக வருகிறது. 'கிஃப்ட்' என்று எழுதி அனுப்பச் சொல்லலாமா?
– கல்லூரி மாணவர், வேதாரண்யம்

வேண்டாம் தம்பி. பரிசு என்று எழுதினால் வரி இல்லை என்பது பழைய கதை. சொந்த உபயோகத்துக்குக் கூரியரில் வருவதை சுங்க வரிப் பட்டியலில் 9804 என்ற தனித் தலைப்பில் வைத்து வரி போடுவார்கள். பில்லில் குறைத்து எழுதிய விலையை ஏற்க மறுக்கவும் அதிகாரிக்கு உரிமை உண்டு. பொருள் அங்கே மாட்டிக்கொண்டால் நீ சென்னைக்கும் ஊருக்கும் அலைய வேண்டியிருக்கும்.

உன் வயதில் இங்கேயே பழையது வாங்குவதுதான் சரி. இறக்குமதி வரி, ஜிஎஸ்டி எல்லாவற்றையும் முதலில் வாங்கியவர் கட்டி முடித்துவிட்டார். நேரில் போய்ப் பார். நம் டெல்டா ஈரத்தில் ஐப்பசி, கார்த்திகை தாண்டிய லென்ஸ் என்றால் பூஞ்சைதான் முதல் எதிரி. அறையை இருட்டாக்கி, அப்பர்ச்சரை முழுவதும் திறந்து, பின்பக்கத்திலிருந்து செல்போன் டார்ச்சைச் சாய்வாக அடி. முன்பக்கம் வழியாகப் பார்த்தால், கண்ணாடி ஓரத்தில் சிலந்தி வலை நூல் போல வெள்ளை இழைகள் தெரிந்தால் வைத்துவிட்டு வந்துவிடு. தூசி இருந்தால் பரவாயில்லை, அது படத்தில் விழாது. 600இல் வைத்து, எதிரே தெரியும் போஸ்டர் எழுத்தை போகஸ் செய்து பார். மோட்டார் தேடித் தேடித் திரும்புகிறதா, ஒரே இழுப்பில் நிற்கிறதா என்று காதையும் வைத்துக் கேள். விற்பவரிடம் பழைய பில்லையும் கேட்டு வாங்கிக்கொள். பூநாரைகள் இறங்குவதற்கு முன் லென்ஸ் கைக்கு வந்துவிட்டால், எடுத்த படத்தில் ஒன்றை எனக்கு அனுப்பு.