62 வயதில் ஏர் பிஸ்டல்: கை நடுங்கினால் என்ன?

கோவை வாசகி ஒருவரின் கேள்வி: "வயது 62. தபால் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். பேத்தியை வாரம் இரண்டு நாள் ரைஃபிள் கிளப்புக்கு அழைத்துப் போகிறேன். அவள் சுடுவதைக் கண்ணாடிக்கு வெளியே உட்கார்ந்து பார்த்துப் பார்த்து எனக்கும் ஆசை வந்துவிட்டது. ஆனால் கையை நீட்டினால் லேசாக நடுங்குகிறது. ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். புரோகிரெசிவ் கண்ணாடி போட்டிருக்கிறேன். 'இந்த வயசுல எதுக்கும்மா?' என்கிறான் மகன். ஆரம்பிக்கலாமா? லைசென்ஸ் வேண்டுமா? துப்பாக்கி வாங்க வேண்டுமா?"

அம்மா, தாராளமாக ஆரம்பிக்கலாம். உங்கள் மகனிடம் சந்திரோ தோமரைப் பற்றிச் சொல்லுங்கள். உத்தரப்பிரதேசத்தில் பாக்பத் மாவட்டத்து ஜோஹ்ரி கிராமத்துக்காரர். அவரும் உங்களைப் போலவே பேத்திக்குத் துணையாக ரைஃபிள் கிளப்புக்குப் போனவர்தான். பிஸ்டலைக் கையில் எடுத்தபோது வயது அறுபத்தைந்தைத் தாண்டியிருந்தது. அவருடைய ஓரகத்தியான பிரகாஷி தோமரும் சேர்ந்துகொள்ள, இருவரும் முதியோர் பிரிவில் பதக்கங்களாகக் குவித்தார்கள். 2021இல் சந்திரோ காலமானபோது நாடே அவரை 'ஷூட்டர் பாட்டி' என்றுதான் நினைவுகூர்ந்தது. இன்னும் பின்னால் போனால், ஸ்வீடனின் ஆஸ்கர் ஸ்வான் 1920 ஆண்ட்வெர்ப் ஒலிம்பிக்கில் வெள்ளி வாங்கியபோது அவருக்கு 72 வயது. ஜார்ஜியாவின் நினோ சலுக்வாட்சே 1988 தொடங்கி 2024 வரை பத்து ஒலிம்பிக்கில் பிஸ்டல் சுட்டிருக்கிறார். வயதானவர்களுக்கு இவ்வளவு இடம் தரும் விளையாட்டு வேறு அதிகம் இல்லை.

உங்களுக்கு நான் சொல்வது 10 மீட்டர் ஏர் பிஸ்டல், அதாவது காற்றழுத்தத்தால் பத்து மீட்டர் தூரத்து டார்கெட்டைச் சுடும் பிஸ்டல். ரைஃபிள் என்றால் எடை ஐந்து கிலோவை நெருங்கும். விறைப்பான ஜாக்கெட்டும் பேண்ட்டும் போட்டுக்கொண்டு இடுப்பை முன்தள்ளி முதுகை வளைத்து நிற்க வேண்டும். அறுபதுக்கு மேல் முதுகெலும்பை அப்படி வருத்த வேண்டியதில்லை. பிஸ்டல் ஒரு கிலோ அளவில்தான் இருக்கும், நிமிர்ந்து நின்றே சுடலாம். தோள்பட்டை இறுகிப்போய்க் கையைத் தூக்கவே முடியவில்லை என்றால் மட்டும் மேஜையில் தாங்கி வைத்து ரைஃபிள் சுடலாமா என்று பயிற்சியாளரிடம் கேளுங்கள். சர்க்கரை நோய் இருப்பவர்களுக்கு இந்தத் தோள் இறுக்கம் அதிகம் வரும், அதனால் சொல்கிறேன்.

இனி நடுக்கம். இதுதான் உங்கள் பெரிய கவலை என்று கடிதத்திலேயே தெரிகிறது. பிஸ்டலை நீட்டினால் யார் கையும் ஆடும். ஒலிம்பிக் வீரர் கையும் ஆடும். ஆட்டத்தை நிறுத்திவிட்டுச் சுடுவோம் என்று காத்திருப்பவர்கள்தான் மோசமாகச் சுடுகிறார்கள். ஏன் என்று கணக்குப் போட்டே பார்க்கலாம்.

ஏர் பிஸ்டல் டார்கெட்டில் பத்து மதிப்பெண் வட்டத்தின் விட்டம் 11.5 மில்லிமீட்டர். அதற்கு வெளியே ஒவ்வொரு வட்டமும் 8 மில்லிமீட்டர் அகலம். பெல்லட்டின், அதாவது பிஸ்டலில் போட்டுச் சுடும் சின்னக் குண்டின், விட்டம் 4.5 மில்லிமீட்டர், அதன் விளிம்பு கோட்டைத் தொட்டாலே மேல் மதிப்பெண். இப்போது உங்கள் கை மொத்தமாக ஒரு சென்டிமீட்டர் பக்கவாட்டில் ஆடுகிறது என்று வையுங்கள். பிஸ்டல் திரும்பவில்லை, அப்படியே நகர்கிறது. பெல்லட்டும் நடுவிலிருந்து ஒரு சென்டிமீட்டர்தான் தள்ளிப் போகும். ஒன்பது கிடைக்கும். ஒன்பது நல்ல சுடுதல்.

அதே நேரத்தில், "இதோ சரியாக இருக்கிறது, இப்போதே சுட்டுவிடு" என்று விரலை வெடுக்கென்று இழுத்தால், பிஸ்டலின் முனை மணிக்கட்டோடு சேர்ந்து திரும்பும். பின்பக்க சைட்டுக்கும் (குறி பார்க்கும் பள்ளம்) முன்பக்க சைட்டுக்கும் (முனையில் நிற்கும் சின்ன மேடு) இடைவெளி 35 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், முன் சைட் ஒரே ஒரு மில்லிமீட்டர் விலகினாலும் பத்து மீட்டர் தூரத்தில் அது 28 மில்லிமீட்டருக்கு மேல் ஆகிவிடும். அந்தச் சுடுதலுக்கு ஏழுதான். கண்ணுக்குப் பெரிதாகத் தெரிகிற ஆட்டம் ஒரு மதிப்பெண்ணைத்தான் குறைக்கிறது, கண்ணுக்கே தெரியாத விரல் அவசரம் மூன்றைக் குறைக்கிறது.

ஆகவே கையை ஆட விட்டுவிடுங்கள். முன் சைட்டின் தலையும் பின் சைட்டின் தலையும் ஒரே மட்டத்தில், இரு பக்கமும் சமமான வெளிச்சத்தோடு நிற்கின்றனவா என்பதை மட்டும் பாருங்கள். மற்றபடி விரல் தன் பாட்டுக்கு நேராகப் பின்னோக்கி, நிதானமாக அழுத்தம் ஏற்றிக்கொண்டே வரட்டும். தபால் நிலையத்தில் முத்திரை குத்துவது போல ஓங்கிப் போட்டால் ட்ரிக்கர் காரியம் கெட்டுவிடும். எந்தக் கணத்தில் பெல்லட் கிளம்பியது என்பது உங்களுக்கே லேசான ஆச்சரியமாக இருந்தால், அது நல்ல சுடுதல். இதில் இளைஞர்களைவிட வயதானவர்கள் சீக்கிரம் தேறுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அவசரம் குறைந்திருப்பதுதான் காரணம் என்பது என் கருத்து.

ஐந்து முதல் எட்டு விநாடிக்குள் பெல்லட் கிளம்பவில்லை என்றால் பிஸ்டலை மேஜைக்கு இறக்கிவிடுங்கள். அதற்கு மேல் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றால் பார்வை மங்கும், ரத்த அழுத்தமும் ஏறும். மூச்சை இழுத்து, பாதியை விட்டு, இயல்பாக வரும் அந்தச் சின்ன இடைவெளியில்தான் சுட வேண்டும். நேரம் நிறைய இருக்கிறது. போட்டியிலேயே 60 தடவை சுட 75 நிமிடம் தருகிறார்கள். நடுவில் நாற்காலியில் உட்கார்ந்து எழலாம், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்.

ஒன்று மட்டும் கவனியுங்கள். கையை நீட்டும்போது வரும் சிறு நடுக்கம் வேறு. மடியில் சும்மா வைத்திருக்கும்போதே கை ஆடினால், அல்லது காபி டம்ளரைப் பிடிக்கச் சிரமமாக இருந்தால், முதலில் நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள்.

வீட்டில் பழக, தண்ணீர் பாட்டில் போதும். சந்திரோ பாட்டியும் தண்ணீர்ச் சொம்பைத் தூக்கிப் பிடித்துத்தான் கையைப் பழக்கினார். அரை லிட்டர் பாட்டிலில் ஆரம்பித்து, வெறும் சுவரைப் பார்த்து நின்று, தோள் உயரத்துக்குத் தூக்கிப் பத்து விநாடி பிடித்து இறக்குங்கள். தோள் ஒத்துழைத்தால் ஓரிரு மாதத்தில் ஒரு லிட்டர் பாட்டிலுக்குப் போகலாம். அதுதான் பிஸ்டலின் எடையும். தோளில் சுருக்கென்று வலித்தால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள்.

அடுத்து கண். இந்த வயதில் துப்பாக்கியைவிடக் கண்ணாடிதான் முக்கியம். நமக்குத் தெளிவாகத் தெரிய வேண்டியது டார்கெட் அல்ல, முன் சைட். டார்கெட் சாம்பல் நிறத்தில் கொஞ்சம் கலங்கலாகவே இருக்கட்டும். ஆரம்பத்தில் இதை யாரும் நம்புவதில்லை. ஆனால் மேலே போட்ட கணக்கே பதில் சொல்லும்: சைட் ஒரு மில்லிமீட்டர் விலகினால்தான் பெரிய நஷ்டம். கண்ணிலிருந்து முன் சைட் ஒரு மீட்டருக்குச் சற்றுக் குறைவான தூரத்தில் இருக்கும். நாற்பதைத் தாண்டியவர்களுக்குக் குழப்பமான தூரம் இது. புத்தகம் படிக்கும் பவர் இதற்கு அதிகம், தூரப் பார்வை பவர் இதற்குப் போதாது.

புரோகிரெசிவ் கண்ணாடியில் ஒவ்வொரு உயரத்திலும் ஒவ்வொரு பவர். முன் சைட் தெளிவாகத் தெரியும் இடத்தைத் தேடித் தலையைத் தூக்குவீர்கள், தாழ்த்துவீர்கள். ஒவ்வொரு தடவையும் தலை வேறு மாதிரி நிற்கும், மதிப்பெண் அங்கேயே சிதறும். கண் மருத்துவரிடம் போய் விஷயத்தைச் சொல்லி, தூரப் பார்வைப் பவரோடு பொதுவாக 0.5 முதல் 0.75 வரை கூட்டி, ஒரே பவரில் ஒரு கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். கையை நீட்டிக் கட்டைவிரல் நகத்துக்குச் சற்று அப்பால் ஒரு எழுத்தை வைத்துச் சோதித்தால் சரியான பவர் பிடிபடும். இதற்கென்று விலை உயர்ந்த ஷூட்டிங் ஃபிரேம் தேவையில்லை. பாரிஸ் 2024இல் 51 வயதில் வெள்ளி வாங்கிய துருக்கியின் யூசுஃப் டிகேச் சாதாரணக் கண்ணாடியோடு நின்றதை உலகமே பார்த்தது. கண்புரை அறுவை சிகிச்சை இனிமேல்தான் என்றால், லென்ஸ் தேர்ந்தெடுக்கும் முன்பே உங்கள் பொழுதுபோக்கை மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

எந்தக் கண்ணால் குறி பார்ப்பது? இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்து நடுவில் சின்ன முக்கோண ஓட்டை விட்டு, இரு கண்ணும் திறந்தபடி அதன் வழியே சுவர்க் கடிகாரத்தைப் பாருங்கள். இப்போது ஒவ்வொரு கண்ணாக மூடுங்கள். எந்தக் கண் திறந்திருக்கும்போது கடிகாரம் மறையாமல் இருக்கிறதோ, அதுதான் உங்கள் ஆதிக்கக் கண். மற்றக் கண்ணை இறுக்கி மூட வேண்டாம், முகத் தசை சோர்ந்துவிடும். அதன் முன்னே வெளிச்சம் ஊடுருவும் ஒரு மறைப்பை மாட்டிக்கொள்ளுங்கள். 30 மில்லிமீட்டர் அகலத்தைத் தாண்டக்கூடாது என்பது போட்டி விதி.

மாத்திரை விஷயத்தைக் கிளப்புகளில் யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ரத்த அழுத்தத்துக்குத் தரும் பீட்டா பிளாக்கர் மருந்துகள், அதாவது மெட்டோப்ரோலால், அட்டெனோலால், பைசோப்ரோலால், ப்ரோப்ரனோலால் போன்றவை, இதயத் துடிப்பைத் தணித்துக் கை நடுக்கத்தையும் குறைக்கும். அதனாலேயே துப்பாக்கி சுடும் போட்டிகளில் இவற்றுக்குத் தடை. 2008 பெய்ஜிங்கில் வட கொரியாவின் கிம் ஜோங் சு ப்ரோப்ரனோலால் காரணமாக இரண்டு பதக்கங்களை இழந்தார். கண் அழுத்த நோய்க்கு ஊற்றும் டிமோலால் சொட்டு மருந்தும் இதே வகைதான். பல பிரஷர் மாத்திரைகளில் சேர்ந்து வரும் ஹைட்ரோகுளோரோதயாசைடு என்ற நீர் பிரிக்கும் மருந்து எல்லா விளையாட்டுகளுக்குமே தடைப் பட்டியலில் இருக்கிறது. டெல்மிசார்ட்டான், ஆம்லோடிபின் இரண்டுக்கும் தடை இல்லை.

பொழுதுபோக்காகச் சுடும் வரை இதில் எதுவும் உங்களைப் பாதிக்காது. துப்பாக்கி சுடும் சங்கம் நடத்தும் போட்டிக்குப் போக நினைத்தால்தான் கேள்வி வரும். அப்போது மாத்திரை அட்டையோடு உங்கள் மருத்துவரிடம் போய், மாற்று மருந்து ஒத்துவருமா என்று கேளுங்கள். மருத்துவ விலக்குக்கு விண்ணப்பிக்க வழி உண்டு, ஆனால் இந்த விளையாட்டில் பீட்டா பிளாக்கருக்கு அது கிடைப்பது எளிதல்ல. எந்தக் காரணத்துக்காகவும் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். பீட்டா பிளாக்கரைத் திடீரென்று நிறுத்துவது இதயத்துக்கு ஆபத்து. ஒரு மெடலுக்காக அந்த விலை கொடுக்க வேண்டாம்.

பெல்லட் ஈயத்தால் ஆனது. சுட்டு முடித்ததும் சோப்பு போட்டுக் கை கழுவிய பிறகே தண்ணீர் பாட்டிலையோ பிஸ்கட்டையோ தொடுங்கள். பெல்லட்டை உதட்டில் கவ்விக்கொள்ளும் கெட்ட பழக்கம் சிலரிடம் உண்டு, பேத்தி பார்த்துப் பழகிவிடுவாள். ரேஞ்சுக்குப் போட்டுப் போகும் மேல்சட்டையைத் தனியாகத் துவைப்பது நல்லது.

பாதுகாப்பு விதிகளைப் பயிற்சியாளர் முதல் நாளே சொல்லித் தருவார். முனை எப்போதும் டார்கெட் பக்கம், சுடத் தயாராகும் வரை விரல் ட்ரிக்கருக்கு வெளியே, பிஸ்டலை வைக்கும்போது உள்ளே பெல்லட் இல்லை என்று காட்டக் குழாயில் பாதுகாப்புக் கொடி. இவற்றில் தளர்வு காட்டும் கிளப் என்றால், வீட்டுக்கு எவ்வளவு பக்கத்தில் இருந்தாலும் அங்கே போகாதீர்கள்.

லைசென்ஸ் கேட்டிருந்தீர்கள். 4.5 மில்லிமீட்டர் குழாயும் 20 ஜூலுக்கு உட்பட்ட ஆற்றலும் கொண்ட ஏர் பிஸ்டலுக்கு இந்தியாவில் ஆயுத உரிமம் தேவையில்லை. போட்டி பிஸ்டல்கள் அந்த 20 ஜூலில் பாதியைக்கூடத் தொடுவதில்லை. வாங்கும்போது கடையில் அடையாளச் சான்று கேட்பார்கள், கொடுத்து ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். வெடிமருந்துத் தோட்டா போடும் பாயிண்ட் 22 வகைகளுக்கு உரிமம் கட்டாயம், இப்போதைக்கு அந்தப் பக்கம் போக வேண்டாம். உரிமம் வேண்டாம் என்பதற்காக மொட்டை மாடியில் சுடக்கூடாது. சுவரில் பட்டுத் திரும்பும் பெல்லட் கண்ணைப் பறிக்கும். மாடிக்கு வரும் புறா, அணில் மீது சுடுவது கொடுமை, சட்டப்படியும் வம்பு.

வாங்குவது? இப்போது வேண்டாம். ஸ்டெயர், மொரினி, வால்தர் போன்ற போட்டி பிஸ்டல்கள் ஒரு லட்சத்துக்கு மேல். பெரும்பாலான கிளப்புகளில் பயிற்சிக்கென்று பொது பிஸ்டல் வைத்திருப்பார்கள், அதில் ஆறு மாதமாவது சுடுங்கள். உங்கள் உள்ளங்கை அளவு, எந்தப் பிடி பொருந்துகிறது என்பதெல்லாம் அதற்குள் தெரிந்துவிடும். பிடி பொருந்தாத பிஸ்டல் எந்த விலையில் வாங்கினாலும் உதவாது, பெண்கள் கைக்குச் சிறிய அளவுப் பிடி தனியாகக் கிடைக்கிறது. முதல் செலவு அந்தக் கண்ணாடியும், தட்டையான அடியுள்ள ஒரு ஜோடி ஷூவுமாக இருக்கட்டும்.

போட்டியில் பெயர் கொடுக்கும் ஆசை வந்தால், 45 வயதைத் தாண்டியவர்களுக்கு மாஸ்டர், 60ஐத் தாண்டியவர்களுக்கு சீனியர் மாஸ்டர் என்று தனிப் பிரிவுகள் இருக்கின்றன. பேத்தி வயதுக்காரர்களோடு மோத வேண்டியதில்லை. அடுத்த முறை பேத்தியோடு போகும்போது பயிற்சி முடிந்தபின் பயிற்சியாளரிடம் அரை மணி நேரம் கேளுங்கள். முதல் நாள் பெல்லட்டே போடாமல், வெறும் பிஸ்டலில் ட்ரிக்கரை மட்டும் அழுத்திப் பார்க்க விடுங்கள் என்று சொல்லுங்கள். நல்ல பயிற்சியாளர் என்றால் அவரே அப்படித்தான் ஆரம்பிப்பார்.