தண்ணீருக்குள் மனப்பாடம்

அன்புள்ள ஐயா,

முதுகலை உளவியல் படிக்கிறேன். 2×2 காரணி வடிவமைப்பு என்றாலே தலை சுற்றுகிறது. நான்கு காரணிகள் என்று தேர்வில் எழுதி மதிப்பெண் போனதுதான் மிச்சம். முதன்மை விளைவு, அதாவது ஒரு காரணி மட்டும் தரும் சராசரிப் பலன், ஓரளவு புரிகிறது. இடைவினை சுத்தமாகப் புரியவில்லை. இரண்டு காரணிகளையும் தனித்தனியாக ஆராய்ந்தால் போதாதா? பெயர் போட வேண்டாம்.

மதுரையிலிருந்து ஒரு மாணவி

அன்புள்ள மாணவிக்கு,

2×2 என்பதில் எத்தனை எண்கள் இருக்கின்றன? இரண்டு. எனவே காரணிகள், அதாவது சோதனையில் நாம் மாற்றிப் பார்க்கும் விஷயங்கள், இரண்டு. ஒவ்வொன்றுக்கும் இரண்டு நிலைகள். பெருக்கினால் வரும் நான்கு, கட்டங்களின், அதாவது நிலைகளைச் சேர்த்துக் கிடைக்கும் சூழல்களின், எண்ணிக்கை. 2×3 என்றால் ஆறு கட்டம். அவ்வளவுதான், இதில் வேறு ரகசியம் இல்லை.

உங்கள் கடைசிக் கேள்விதான் சரியான கேள்வி. உளவியலாளர்கள் கோடனும் ஆலன் பேட்லியும் 1975இல் வெளியிட்ட சோதனையை எடுத்துக்கொள்வோம். ஸ்காட்லாந்தின் ஓபன் ஊரை ஒட்டிய கடலில், முக்குளிப்பவர்களுக்கு 36 சொற்கள் கொண்ட பட்டியல்களைக் கொடுத்தார்கள். கற்ற இடம் ஒரு காரணி: கரை அல்லது நீருக்கடி. நினைவுகூர்ந்த இடம் இன்னொரு காரணி: அதே இரண்டு. ஒவ்வொருவரும் நான்கு கட்டங்களிலும் பங்கேற்றார்கள். (அந்தக் கடலின் குளிரை நினைத்தால் எனக்குப் படித்ததே மறந்துவிடும்.)

கரையில் கற்று கரையில் சொன்னபோது சராசரி 13.5 சொற்கள். கரையில் கற்று நீரில் சொன்னால் 8.6. நீரில் கற்று கரையில் சொன்னால் 8.4. நீரில் கற்று நீரிலேயே சொன்னால் 11.4.

இப்போது நீங்கள் சொல்வதுபோல் ‘கற்ற இடம்’ ஒன்றை மட்டும் ஆராய்கிறோம், தேர்வைக் கரையில் வைக்கிறோம். 13.5, 8.4. கரையில் படிப்பதே நல்லது என்று கட்டுரை எழுதிவிடுவோம். இன்னொருவர் தேர்வை நீருக்கடியில் வைக்கிறார். 8.6, 11.4. நீரில் படிப்பதே நல்லது என்பார். இருவரும் கணக்கில் தப்புச் செய்யவில்லை, ஆனாலும் காலத்துக்கும் சண்டை போடுவார்கள்.

ஒரு காரணியின் பலன் மற்றதன் நிலையைப் பொறுத்து மாறுகிறது பாருங்கள், அதுதான் இடைவினை. வித்தியாசங்களுக்கிடையே உள்ள வித்தியாசம் என்றும் சொல்லலாம். முதன்மை விளைவை மட்டும் பார்த்தால் கரையில் கற்றதன் சராசரி 11.05, நீரில் கற்றது 9.9. கதையின் முக்கால்வாசி அந்தச் சராசரிக்குள் கரைந்துபோகிறது. அதனால் என் வழக்கம், நான்கு கட்டங்களையும் முதலில் வரைபடமாகப் போட்டுவிடுவது. கற்ற இடம் ஒவ்வொன்றுக்கும் ஒரு கோடு. இங்கே இரண்டு கோடுகளும் ஒன்றையொன்று வெட்டும். கோடுகள் இணையாகப் போனால் இடைவினை இல்லை.

அப்புறம் ஒரு சந்தேகம் வரும். இடம் மாறும் அலைச்சலே மறதிக்குக் காரணமாக இருக்கலாமே? கோடனுக்கும் பேட்லிக்கும் வந்தது. கரையில் கற்றவர்களை நடுவில் ஒரு முறை முக்குளிக்க வைத்து, மறுபடி கரையில் கேட்டுப் பார்த்தார்கள். குறிப்பிடத்தக்க இழப்பு இல்லை.

2021இல் உளவியலாளர் யாப் முர்ரே இதே சோதனையைத் திரும்பச் செய்தபோது அந்த இடைவினை கிடைக்கவில்லை. ஆய்வேட்டில் 1975ஐ மேற்கோள் காட்டினால், பக்கத்திலேயே 2021ஐயும் எழுதிவிடுங்கள்.