நீள்வட்ட வான்குடை மலிவாகக் கிடைக்கிறது: வாங்கலாமா?

கேள்வி: தாய்லாந்துக்குச் சென்று வான்குடைப் பயிற்சி பெற்ற நான், இதுவரை 60 முறை குதித்திருக்கிறேன். என் எடை 72 கிலோ. இங்குள்ள நண்பர் ஒருவர், தாம் பயன்படுத்திய 150 சதுர அடி நீள்வட்ட வான்குடையை 1,400 வெள்ளிக்குத் தர முன்வந்துள்ளார். நான் வாடகைக்கு எடுக்கும் பெரிய செவ்வகக் குடையைவிட இது மென்மையாக இறங்கும் என்றும், தேசிய தின அணிவகுப்பில் ரெட் லயன்ஸ் வீரர்கள் இறங்குவதுபோல இறங்கலாம் என்றும் சொல்கிறார். வாங்கலாமா?
– ஈசூன் வாசகர்

பதில்: இப்போது வேண்டாம். நண்பர் சொல்வதில் பாதி உண்மை. எலும்பை முறிப்பது மீதிப் பாதி.

இக்காலக் குடை, முன்புற வாய்களின் வழியே காற்று புகுந்து அறைகள் உப்பியதும் ஓர் இறக்கையாகவே மாறி, கீழிறங்கிக்கொண்டே முன்னோக்கியும் பறக்கிறது. தரையை நெருங்கும்போது இரண்டு பிரேக் கயிறுகளையும் சேர்த்து இழுத்தால் பின்விளிம்பு தாழ்ந்து, முன்செல்லும் வேகம் சில நொடிகளுக்குத் தூக்குவிசையாக மாறுகிறது. மென்மையான தரையிறக்கத்திற்கு அந்த வேகமே மூலதனம். ஓரங்கள் குறுகிய நீள்வட்டக் குடைக்கு அது தாராளமாக இருப்பதால், கைதேர்ந்தவர் அதில் பூப்போல இறங்குவார்.

திரும்பும்போதுதான் வேறுபாடு தெரியும். செவ்வகக் குடை நிதானமாகத் திரும்பும். நீள்வட்டக் குடையோ, அதே அளவு இழுப்புக்கு விரைந்து சாய்ந்து, செங்குத்தாகப் பாய்ந்து, கூடுதல் உயரத்தை இழக்கும். தாழ்வாகப் பறக்கையில் எதிரே ஒரு வேலியையோ இன்னொருவரையோ கண்டு பதறி ஒரு பக்கக் கயிற்றை இழுப்பவருக்கு, அந்தப் பாய்ச்சலிலிருந்து மீள உயரமே மிஞ்சாது. முழுமையாக விரிந்து, எந்தப் பழுதுமில்லாத குடையின் கீழ் நேரும் கடுமையான விபத்துகளில் பல இப்படிப்பட்ட தாழ்வான திருப்பங்களால் விளைந்தவை. விரியும்போது கயிறுகள் முறுக்கிக்கொண்டாலும் நீள்வட்டக் குடை வேகமாகச் சுழலத் தொடங்கிவிடும்.

வடிவத்தோடு அளவையும் பாருங்கள். சாதனங்களுக்குச் சுமார் 12 கிலோ சேர்த்தால் நீங்கள் 84 கிலோ, அதாவது 185 பவுண்டு. 150 சதுர அடிக் குடையில் ஒவ்வொரு சதுர அடியும் 1.2 பவுண்டுக்குச் சற்று மேலாகச் சுமக்கும். 190 சதுர அடியில் அது 1 பவுண்டுக்குள் அடங்கும். புதியவர்கள் 1 பவுண்டைத் தாண்டாமலிருப்பதே நல்லது. சிறிய குடையின் கயிறுகளும் குட்டையானவை என்பதால், சுமை விகிதம் ஒன்றாக இருந்தாலும் அது பெரியதைவிடத் துடிப்பாகவே திரும்பும்.

ரெட் லயன்ஸ் ஒப்பீட்டையும் விட்டுவிடுங்கள். 2022 அணிவகுப்பில் மரீனா பேயில் இறங்கிய அந்தக் குழுவின் வீரர் ஒருவரே தரையில் மோதிக் காயமடைந்தார். அதற்குக் குடையின் வடிவம்தான் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. பலமுறை ஒத்திகை பார்த்தவர்களுக்கும் கடைசிச் சில மீட்டர்கள் எளிதல்ல என்பதையே சொல்கிறேன்.

நூற்றுக்கணக்கான முறை குதித்த பிறகு இப்படியொரு குடையை வாங்க நேர்ந்தால், கயிறுகளை ஒரு ரிக்கரிடம் (வான்குடைகளைச் சோதித்துப் பழுதுபார்க்கும் வல்லுநர்) அளக்கச் சொல்லுங்கள். ஸ்பெக்ட்ரா எனும் செயற்கை இழைக் கயிறுகள் உராய்வுச் சூட்டில் சுருங்கும். பிரேக் கயிறுகளே அதிகம் சுருங்குவதால், நீங்கள் இழுக்காமலே பின்விளிம்பு தாழ்ந்து நிற்கும். தரையிறங்கும் வேளையில் தூக்குவிசை போதாமல் போகும்.

சட்டமும் இங்கே அதிகம் கைகொடுக்காது. விற்ற ஆறு மாதத்திற்குள் தெரியவரும் குறைகளுக்குப் பரிகாரம் தரும் ‘லெமன்’ சட்டம் 2012 செப்டம்பர் 1 முதல் நடப்பில் இருந்தாலும், அது வணிகரிடம் வாங்குவோருக்கானது. நண்பரிடம் வாங்குவதற்குப் பொருந்தாது. சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றத்தை 20,000 வெள்ளி வரை நாடலாம் என்றாலும், “என் திறமைக்கு மிஞ்சிய குடை” என்பது பொருளின் குறையாகாது.

கேள்வி: செந்தோசாவின் உள்ளரங்கக் காற்றுச் சுரங்கத்தில் பழகினால் என் திறமைக்கும் அந்தக் குடைக்கும் உள்ள இடைவெளி குறையுமா?

பதில்: குறையாது. அங்கே பழகுவது குடை விரிவதற்கு முந்தைய வீழ்ச்சியை மட்டுமே. அந்தப் பணத்தில் அடுத்த தாய்லாந்துப் பயணத்தின்போது குடையைச் செலுத்தும் தனிப் பயிற்சியில் சேருங்கள். இரண்டு பிரேக்குகளையும் பாதி இழுத்தபடியே, உயரத்தை அதிகம் இழக்காமல் தட்டையாகத் திரும்பும் முறையை, வாடகைச் செவ்வகக் குடையிலேயே, நல்ல உயரத்தில் வைத்துக் கற்றுத்தரும்படி பயிற்றுநரிடம் முதலில் கேளுங்கள்.