கேளுங்க சொல்றேன்: படிச்ச இடத்துக்குத் திருப்பிக் குடுக்கணுமா?

கேள்வி: சார், நான் ஃபீஸ் கட்டித்தான் படிச்சேன், யாரும் எனக்கு சும்மா சொல்லித் தரல. இப்போ மாசாமாசம் யுனிவர்சிட்டிலேர்ந்து "முன்னாள் மாணவர்கள் உதவுங்க"ன்னு மெயில் வருது. நான் என்ன கடனா பட்டிருக்கேன்?

பதில்: கடன்லாம் ஒண்ணும் இல்ல, குடுக்காட்டி யாரும் உங்க சட்டையப் பிடிக்கப் போறதில்ல. ஆனா நீங்க கட்டின ஃபீஸ்லயே உங்க படிப்புச் செலவு மொத்தமும் அடங்கிடுச்சுன்னு நினைச்சீங்கன்னா, அது நிறைய இடத்துல உண்மை இல்ல. ஃபீஸ் ஒரு பங்குதான், மிச்சம் அரசாங்கப் பணம், ஆராய்ச்சிக்கு வர்ற நிதி, அப்புறம் நமக்கு முன்னாடி யாரோ குடுத்துட்டுப் போனது. லைப்ரரி புத்தகத்துல முதல் பக்கத்துல "இன்னார் நினைவாக"ன்னு முத்திரை இருக்கும், படிக்கற வயசுல நாம யாரு அதைப் பாத்தோம்! மெயில் தொல்லை தாங்கலைன்னா "வருஷத்துக்கு ஒரு தடவை அனுப்புங்க போதும்"னு எழுதிப் போடுங்க.

கேள்வி: நான் அந்தப் பல்கலைக்கழகத்துல படிக்கவே இல்ல, ஆனா அங்க நடக்கற வேலை பிடிச்சிருக்கு. வெளியாள் குடுத்தா வாங்குவாங்களா?

பதில்: வாங்குவாங்களாவா! வெளியாள் பேர வெச்சுக்கிட்டே பல்கலைக்கழகம் நடத்தறாங்களே. ஹார்வர்டு 1636ல ஆரம்பிச்சது, ஜான் ஹார்வர்டு அங்க படிச்சவர் இல்ல, அவர் படிச்சது கேம்பிரிட்ஜ்ல. 1638ல சாகும்போது சொத்துல பாதியையும் சுமார் 400 புத்தகத்தையும் எழுதி வெச்சாரு, அடுத்த வருஷமே காலேஜுக்கு அவர் பேரு. (அந்தப் புத்தகங்க 1764ல தீப்பிடிச்சதுல போச்சு, ஒண்ணு மட்டும் தப்பிச்சது, அதுவும் அப்போ அது லைப்ரரில இல்லாம வெளியில இருந்ததால!) அமெரிக்காவுல இருக்கற யேல் பல்கலைக்கழகமும் அப்படித்தான். சென்னை செயின்ட் ஜார்ஜ் கோட்டையில கவர்னரா இருந்த எலிஹு யேல் 1718ல 417 புத்தகம், ஒன்பது மூட்டை சரக்கு, ஒரு ராஜா படம்னு அனுப்பினாரு, சரக்க வித்து ஐநூத்துச் சொச்சம் பவுண்டு வந்தது, அதுக்கே பேரு நிலைச்சுப் போச்சு. இத்தனைக்கும் ஊழல் புகார்ல பதவி போனவரு, அடிமை வியாபாரத்தோட அவருக்கு இருந்த தொடர்பு பத்தி இன்னைக்கும் பேச்சு ஓடிக்கிட்டிருக்கு. அதனால யார் பணம், எங்கேர்ந்து வந்ததுன்னு வாங்கறவங்களும் கொஞ்சம் பாக்கணும்னுதான் நான் சொல்லுவேன்.

கேள்வி: கோடிக்கணக்குல குடுக்கறவங்க இருக்கற இடத்துல என் சின்னத் தொகை என்ன பண்ணிடும்?

பதில்: இந்தக் கேள்விதான் இந்த வாரம் அதிகமா வந்திருக்கு, அதனால நிதானமா சொல்றேன். அமெரிக்காவுல மிசிசிப்பி மாநிலத்துல ஓசியோலா மெக்கார்ட்டின்னு ஒரு அம்மா, ஆறாங்கிளாஸோட படிப்ப விட்டுட்டு வாழ்நாள் பூரா ஊராருக்குத் துணி துவைச்சுக் குடுத்தே பிழைச்சவங்க. 1995ல, 87 வயசுல, அவங்க சேமிப்புலேர்ந்து 1,50,000 டாலர் சதர்ன் மிசிசிப்பி பல்கலைக்கழகத்துக்கு ஸ்காலர்ஷிப்புக்குன்னு எழுதி வெச்சாங்க. அவங்க இளம் வயசுல கறுப்பினத்தவங்கள உள்ளயே சேக்காத இடம் அது. செய்தி வெளிய வந்ததும் அந்த ஊர் வியாபாரிங்க தாங்களும் பணம் போட்டு அதுக்கு ஈடு குடுத்தாங்க. கோடீஸ்வரர் குடுத்தா கைதட்டிட்டுப் போயிடுவோம், இவங்க குடுத்ததப் பாத்தா நாமளும் பாக்கெட்டத் தொட்டுப் பாப்போம்ல, அதான் வித்தியாசம்.

இன்னொண்ணு, பெரிய தொகை பெரும்பாலும் பூட்டு போட்டு வரும், இந்தக் கட்டடத்துக்கு, இந்தத் துறைக்கு மட்டும்னு. சின்னச் சின்னதா வருஷா வருஷம் வர்றதுதான் நிர்வாகம் அவசரத்துக்கு எடுத்துக்கக்கூடிய பணம். வீட்ல சம்பாதிக்கறவர் படுத்துட்டாரு, இந்த செமஸ்டர் ஃபீஸ் கட்ட முடியலன்னு ஒரு பொண்ணு படிப்ப நிறுத்தப் பாக்குதுன்னா, கட்டட நிதிலேர்ந்து எடுத்துக் குடுக்க முடியாது. பத்து பேர் சேந்து உங்க பேட்ச் பேர்ல போட்ட பணத்துலேர்ந்து முடியும். என்னக் கேட்டா மாணவர் அவசர நிதிக்குன்னு குறிப்பிட்டே குடுங்க, பல எடத்துல அப்படி ஒண்ணு இருக்கும், இல்லன்னா ஏன் இல்லன்னு கேளுங்க.

கேள்வி: ஒரே ஒரு பேராசிரியர் பதவிக்கு, "இருக்கை"ன்னு சொல்லி கோடிக்கணக்குல திரட்டறாங்களே, அவ்ளோ சம்பளமா?

பதில்: அந்தப் பணத்தச் செலவு பண்ண மாட்டாங்க, அதான் விஷயம். மூலதனத்த முதலீடு பண்ணிட்டு, பொதுவா வருஷத்துக்கு அதுல 4லேர்ந்து 5 சதவீதம் வரைக்கும்தான் எடுப்பாங்க, அதுலதான் பேராசிரியர் சம்பளம், ஆராய்ச்சி மாணவர் செலவு எல்லாம் ஓடணும். ஹார்வர்டு தமிழ் இருக்கைக்கு 60 லட்சம் டாலர் வேணும்னு சொன்னப்ப நிறைய பேர் மலைச்சாங்க, தமிழ்நாடு அரசு 10 கோடி ரூபாய் குடுத்துச்சு, உலகம் பூரா தமிழருங்க போட்டாங்க, 2018ல சேந்துடுச்சு. அதுல பெரும்பாலானவங்க ஹார்வர்டு வாசல மிதிக்காதவங்க! இந்த ஏற்பாடு பழசு. கேம்பிரிட்ஜ்ல ஹென்றி லூகாஸ்னு ஒருத்தர் எழுதி வெச்ச உயில்ல 1663ல வந்த கணிதப் பதவியிலதான் நியூட்டன் உக்காந்தாரு, அப்புறம் டிராக், ஸ்டீபன் ஹாக்கிங்.

கேள்வி: நல்லா பெருசா குடுத்தா பையனுக்கு சீட் கிடைக்குமா? (பேர் போட வேண்டாம்)

பதில்: போடல. அது நன்கொடை இல்லைங்க, அதுக்கு வேற பேரு இருக்கு. 2019ல அமெரிக்காவுல இப்படித்தான் அறக்கட்டளைக்கு நன்கொடைன்னு கணக்குக் காட்டி சீட் வாங்கின பெத்தவங்க ஜெயிலுக்குப் போனாங்க.

கேள்வி: குடுக்கறேன், ஆனா என் இஷ்டப்படிதான் செலவு பண்ணணும், பேரும் போடணும். தப்பா?

பதில்: எதுக்குன்னு சொல்லலாம், தப்பே இல்ல. யாரு பாடம் எடுக்கணும்னு சொன்னாத்தான் சிக்கல். லீ பாஸ்னு ஒருத்தர், யேல்ல படிச்சவரு, 1991ல 2 கோடி டாலர் குடுத்தாரு, பிறகு பேராசிரியர்கள நியமிக்கறதுல தனக்கும் ஒரு வார்த்தை வேணும்னாரு, 1995ல யேல் பணத்தயே திருப்பிக் குடுத்துடுச்சு. இந்தப் பக்கம் சக் ஃபீனின்னு ஒருத்தரப் பாருங்க, அமெரிக்காவுல கார்னெல் பல்கலைக்கழகத்துல படிச்சவரு, அங்க மட்டும் கிட்டத்தட்ட 100 கோடி டாலர், 1997 வரைக்கும் குடுத்தது யாருன்னே வெளிய தெரியாது. ரெண்டுக்கும் நடுவுல எங்க நிக்கணும்னு நீங்களே பாத்துக்கங்க, ஆனா ஒப்பந்தத்த எழுத்துல வாங்குங்க, "அந்தத் தேவை இல்லாமப் போனா பணத்த வேற எதுக்கு மாத்திக்கலாம்"ங்கற வரி அதுல இருக்கட்டும். மெஷின், கருவின்னு பொருளா குடுத்தா பராமரிப்புச் செலவயும் சேத்துக் குடுங்க, இல்லன்னா ரெண்டு வருஷத்துல அது மூலையில தூசி படிஞ்சு கிடக்கும்.

கேள்வி: அண்ணா, இப்பதான் வேலைல சேந்தேன், லோன் ஓடுது. பணம் தர முடியாது, வேற என்ன செய்யலாம்?

பதில்: மொதல்ல லோன அடைங்க. நடுவுல, உங்க கம்பெனில ஆள் எடுக்கறப்ப காலேஜுக்கு ஒரு தகவல் சொல்லுங்க, ரெண்டு இன்டர்ன்ஷிப் வாங்கிக் குடுக்க முடிஞ்சா அது பெரிய உதவி. மாதிரி இன்டர்வியூ நடத்தலாம், பயோடேட்டா திருத்திக் குடுக்கலாம், கடைசி வருஷப் பசங்க ப்ராஜெக்ட்ட மாசம் ஒரு தடவை ஆன்லைன்ல பாத்து எங்க சொதப்புதுன்னு சொல்லலாம். மேடையேறி "என் வெற்றிக் கதை"ன்னு பேசறத மட்டும் கொஞ்சம் தள்ளி வெச்சிக்கங்க, மொத வேலைல எப்படி முழிச்சீங்கன்னு சொல்லுங்க, அதுதான் அவங்களுக்கு வேணும். எதுவா இருந்தாலும் செமஸ்டர் ஆரம்பத்துலயே துறைத் தலைவர்கிட்ட தேதி கேட்டு வாங்கிடுங்க, பரீட்சை நேரத்துல போய் நின்னா ஹால்ல நாற்காலிங்கதான் உக்காந்திருக்கும்.